இறாலோடு எந்த மீன் சேரும்?

உப்புநீர்த் தொட்டி புதிதாக வைப்பவர்கள் மீன் கடையில் முதலில் கேட்பது, "இது சாதுவான மீனா?" என்பதுதான். கடைக்காரரும் "சாதுதான் சார், எதையும் தொடாது" என்று சொல்லிப் பையில் காற்றடித்துக் கட்டிக் கொடுப்பார். மற்ற மீன்களோடு மல்லுக்கு நிற்காது என்ற அளவில் அவர் சொல்வது உண்மை. ஆனால் தொட்டியில் இறால் இருந்தால் அந்தப் பதிலால் பயனில்லை. யாரோடும் சண்டைக்குப் போகாத மீன்கள் பல, இறாலைக் கண்டால் விழுங்கிவிடும். தொட்டி முழுக்கச் சண்டை இழுக்கும் டாம்சல் மீன்களோ, வளர்ந்த இறாலைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை.

இந்தக் குழப்பத்தால் வீணாகப் போகும் இறால்கள் ஏராளம். அவற்றில் பல இன்னும் கடலிலிருந்து பிடித்து வரப்படுபவை என்பதால் எனக்கு இது வெறும் பணக் கணக்காகத் தெரியவில்லை. உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பும் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளியுமாக இருக்கும் பிளட் இறாலை இலங்கைக் கடலில் முக்குளித்துப் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அறிவியலில் அந்த இனத்துக்குப் பெயர் வைக்கப்பட்டதே 1983-ல்தான். அப்படி வந்து சேர்ந்த உயிர் ஒரே இரவில் காணாமல் போகாதிருக்க, சில அடிப்படைகள் தெரிந்தால் போதும். 50 முதல் 150 லிட்டர் வரை பிடிக்கும் தொட்டியில் ஓரிரு இறால்களும் இரண்டு மூன்று சிறு மீன்களும் வைக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சண்டை வேறு, பசி வேறு

மீன் இன்னொரு உயிரைத் தாக்க முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இடம்: தன் பொந்து, தன் பாறை, தன் இணை. இன்னொன்று பசி. "சாது" என்று நாம் சொல்வது முதல் காரணத்தை மட்டுமே கணக்கில் கொண்டது.

வீட்டுப் பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் கோழி மேய்ந்துகொண்டிருக்கும், பூனை பக்கத்திலேயே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதே கோழி குஞ்சு பொரித்துக் கூட்டி வந்தால் வீட்டில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். பூனையின் குணத்தில் மாற்றம் எதுவும் இல்லை. எதிரே வந்தது அதன் வாய்க்கு அடங்கும் அளவில் இருக்கிறது, அவ்வளவுதான். மீனும் இறாலும் சேர்ந்து வாழுமா என்று பார்ப்பதற்கும் இதுதான் தொடக்கம்.

வாய் எவ்வளவு திறக்கும்?

பெரும்பாலான மீன்கள் இரையை மென்று தின்பதில்லை, உறிஞ்சி விழுங்குகின்றன. வாயைத் திறக்கும்போதே தொண்டையும் செவுள் மூடிகளும் விரிகின்றன. உள்ளே திடீரென்று இடம் உண்டாவதால் முன்னால் இருக்கும் தண்ணீர் பாய்ந்து நுழைகிறது. அதோடு இரையும் போய்விடுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாலும், இறால் இருந்த இடத்தில் இப்போது இறால் இல்லை என்பது மட்டுமே நமக்குத் தெரியும்.

இப்படி உறிஞ்சும் மீனுக்கு உள்ள பெரிய தடை, அதன் வாய் திறக்கும் அகலம். இதை வாய்த்திறப்பு என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் தவறுவது இங்கேதான். மீனின் நீளத்தை இறாலின் நீளத்தோடு ஒப்பிட்டு, "மீன் எட்டு சென்டிமீட்டர், இறால் ஐந்து, எப்படி விழுங்கும்?" என்று கேட்பார்கள். இறால் குறுக்காக உள்ளே போவதில்லை, நெடுக்காகத்தான் போகும். ஆகவே மீனின் வாய்த்திறப்பையும் இறாலின் உடல் பருமனையும்தான் ஒப்பிட வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் இறாலின் உடல், ஒரு சென்டிமீட்டர் பருமன்கூட இருக்காது.

பங்காய் கார்டினல் மீனைப் பாருங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டது. கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் நீண்ட துடுப்புகளுமாக, நாள் முழுக்க ஓரிடத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இதைவிடச் சாதுவான மீனைக் காட்டுவது கடினம். ஆனால் இந்த இனத்தில் ஆண் மீன்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளையும் சில நாட்கள் வாயிலேயே காக்கும். அத்தனையும் அடங்கும் வாய் என்றால், சிறு இறால் அதற்கு ஒரு பொருட்டா? ஏறக்குறைய அதே நீளம் வளரும் ஃபயர்ஃபிஷ்ஷின் வாயோ மிகச் சிறியது. மிதந்து வரும் துணுக்குகளைக் கொத்துவதற்கு மட்டும் போதுமானது. நீளம் ஒன்று, வாய் வேறு.

கடையில் இதைச் சோதிப்பது எளிது. மீனுக்குத் தீனி போடச் சொல்லி, வாய் திறக்கும் நொடியைப் பாருங்கள். சில மீன்களின் மூடிய வாய் ஏமாற்றும். திறக்கும்போதுதான் தாடை குழாய்போல முன்னால் நீள்வது தெரியும்.

உடைத்துத் தின்பவை

சில மீன்களுக்கு வாய்த்திறப்பு ஒரு தடையே இல்லை. பேத்தை மீனுக்கும் கிளாத்தி இனங்களுக்கும் ஓட்டையே உடைக்கும் வலுவான பற்கள் உண்டு. ராஸ் இன மீன்கள் பெரிய இரையைக் கவ்விப் பாறையில் அடித்து உடைத்துத் துண்டுதுண்டாகத் தின்னும். பாறை உச்சியில் உட்கார்ந்தபடி கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும் ஹாக் மீனும் இறால் வேட்டையில் கைதேர்ந்தது. பார்க்க அழகாகவும் அமைதியாகவும் இருப்பதால் பலர் அதை இறால் தொட்டிக்கு வாங்கி விடுகிறார்கள். இவற்றோடு விடும் இறால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிழைக்கும் என்று நம்ப முடியாது.

கடைகளில் அதிகம் விற்கும் சிக்ஸ்லைன் ராஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழெட்டு சென்டிமீட்டர்தான் வளரும். "சின்ன மீன், சின்னத் தொட்டிக்கு ஏற்றது" என்று விற்பார்கள். மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் வளர்ந்ததாக இருந்தால், அதனோடு இந்த மீன் பல தொட்டிகளில் ஒத்துப்போகிறது என்பதும் உண்மை. ஆனாலும் காலை முதல் மாலை வரை பாறை இடுக்குகளில் நுழைந்து ஓடுள்ள சிற்றுயிர்களைத் தேடுவதே அதன் பிழைப்பு. இறால் ஒளியும் இடமும் அதே இடுக்குதான். இறாலுக்காகத் தொட்டி வைப்பவருக்கு இந்த மீனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு மீன் எங்கே இரை தேடுகிறது என்பதும் அதனால் முக்கியமாகிறது. ஃபயர்ஃபிஷ் நடுத்தண்ணீரைப் பார்த்தபடி மிதக்கும். டெயில்ஸ்பாட் பிளெனி பாசியைச் சுரண்டும். இவற்றின் கண் இறால் பக்கம் போகாது. வேளையும் முக்கியம். கார்டினல் மீன்களில் பெரும்பாலானவை இரவில் இரை தேடுபவை. பெப்பர்மின்ட் இறாலும் பிளட் இறாலும் வெளியே வருவது அதே இரவில்தான்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: வாய்த்திறப்பு, உடைக்கும் பழக்கம், இரை தேடும் இடம், இரை தேடும் வேளை. மீனின் "குணம்" இவற்றுக்குப் பிறகுதான்.

ஓடு கழற்றும் இரவு

மேலே சொன்னதெல்லாம் மீனின் பக்கம். இறாலின் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இறாலுக்கு உள்ளே எலும்பு இல்லை. வெளி ஓடுதான் அதற்குக் கவசம், எலும்பு எல்லாம். ஓடு வளராது. ஆகவே உடம்பு பெருக்க வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். இதுதான் ஓடு கழற்றுதல். மீன் கடைகளில் மோல்ட் என்பார்கள். பழைய ஓட்டுக்கு அடியில் புதிய தோல் முதலிலேயே உருவாகியிருக்கும். நேரம் வந்ததும் தலை ஓடும் வாலும் சேரும் இடத்தில் பிளவு விழும். இறால் ஒரு உதறு உதறி அதன் வழியே வெளியே வரும். வந்ததும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதிக்கொள்ளும். அந்தப் பெரிய அளவிலேயே புதிய ஓடு இறுகும். ஓரளவு இறுகவே ஒன்றிரண்டு நாள் ஆகும்.

சந்தையில் நண்டு வாங்குபவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். விரலால் அமுக்கினால் ஓடு உள்ளே போகிற நண்டைத் தள்ளி வைப்பார்கள் அல்லவா? சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டு அது. தொட்டி இறாலும் அந்த நாட்களில் அப்படித்தான் இருக்கும். ஓடு மெத்தென்று இருக்கும், வாலை அடித்துப் பின்னோக்கிப் பாயும் வேகமும் குறைந்திருக்கும். முன்பு கொத்திப் பார்த்து, முள்ளும் ஓடும் உறுத்தியதால் விட்டுவிட்ட மீன், இப்போது கொத்தினால் சதை கையோடு வந்துவிடும். "ஆறு மாதம் ஒன்றாக இருந்தது, திடீரென்று தின்றுவிட்டது" என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றின் பின்னால் இப்படி ஓர் இரவு இருக்கிறது. இறால்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை ஓடு கழற்றுகின்றன. ஆகவே ஒரு மீன் இறாலோடு சேருமா என்பதை, இறால் மிகவும் நலிந்திருக்கும் அந்த இரவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு வேண்டியது ஒளிவிடம். மீன் நுழைய முடியாத, இறால் மட்டும் உடம்பை நுழைக்கக்கூடிய இடுக்குகள் பாறைகளுக்கிடையே நாலைந்தாவது இருக்க வேண்டும். பெரிய குகை ஒன்று அமைப்பதைவிடக் கையளவு லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) துண்டுகளை நெருக்கி அடுக்குவது நல்லது.

காலையில் தொட்டிக்குள் கவிழ்ந்து கிடக்கும் "செத்த இறாலை"ப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. கிட்டே போய்ப் பாருங்கள். கழற்றிப் போட்ட ஓடு கண்ணாடிபோல் இருக்கும். நிறம் இருந்தாலும் ஊடே வெளிச்சம் தெரியும். மீசை, கால், கண்ணை மூடியிருந்த உறை வரை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். தலைக்குப் பின்னால் பிளவு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, நீரோட்டத்தில் எடையின்றி அசையும். உண்மையாகவே செத்த இறால் உள்ளே சதையோடு, வெளிறிப்போய், ஒளி ஊடுருவாமல் இருக்கும். வெற்று ஓடு கிடந்தால் உரிமையாளர் எங்கோ இடுக்கில் பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். பாறையைப் புரட்டித் தேட வேண்டாம். மூன்று நான்கு நாளில் தானே வெளியே வரும்.

கிளீனர் இறாலை மீன் தொடாதா?

முதுகில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடும் இருபுறமும் சிவப்புமாக இருக்கும் கிளீனர் இறாலைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: அது மீன்களுக்குச் சேவை செய்வதால் எந்த மீனும் அதைத் தின்னாது என்று. பாதி உண்மை. கடலில் களவாவும் அஞ்சாலையும்கூட அதன் முன் வாயைத் திறந்து நிற்கும். இறால் உள்ளே ஏறி ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் எடுத்துத் தின்னும். அதன் நிறம், வெள்ளை மீசை, உடலை ஆட்டும் விதம் எல்லாம் சேர்ந்து "நான் இரையில்லை" என்று அறிவிக்கின்றன.

தொட்டியில் அந்த அறிவிப்பு எப்போதும் எடுபடாது. பையிலிருந்து கொட்டப்பட்டு மிரண்டு ஓடும் இறால் ஆடிக் காட்டுவதில்லை. ஓடு கழற்றிய இறாலும் ஆடாது. லயன் மீன், ஹாக் மீன் போன்றவை கிளீனர் இறாலைத் தின்ற நிகழ்வுகள் மீன் வளர்ப்போரிடையே சர்வசாதாரணம். இன்னொன்று: வெள்ளைப்புள்ளி நோயை இந்த இறால் குணமாக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். அந்த ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புதைந்து வளர்வது. இறால் நுனிக் கால்களால் கிள்ளி எடுக்கும் இடத்தில் அது இல்லை.

எந்த இறாலுக்கு எந்த மீன்?

ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கிளீனர் இறாலுக்கும் பிளட் இறாலுக்கும் துணை தேடுவது எளிது. க்ளவுன் மீன், ஃபயர்ஃபிஷ், டெயில்ஸ்பாட் பிளெனி, கரீபியக் கடலின் ராயல் கிராமா எல்லாம் சேரும். வளர்ந்த இறால் என்றால் பங்காய் கார்டினலும் சேரும். புதியவர்களுக்கு என் முதல் தேர்வு ஃபயர்ஃபிஷ்தான். ஆனால் மூடியில்லாத தொட்டியிலிருந்து அது துள்ளி வெளியே விழுந்துவிடும். வலை மூடி கட்டாயம். க்ளவுன் மீன் ஜோடி, தொட்டியில் கடல் சாமந்தி (அனிமோனி என்ற கடல் உயிர்) இருந்தால் அதைத் தன் வீடாக்கிக்கொண்டு, பக்கத்தில் வரும் இறாலைக் கொத்தி விரட்டும். அது இடத்துக்கான சண்டை. சாமந்தியைத் தொட்டியின் ஒரு மூலையில் வைத்து, இறாலின் பாறைகளை மறு மூலையில் அடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெப்பர்மின்ட் இறாலைத் தொட்டியில் களையாகப் பரவும் ஐப்டேசியா என்ற சிறு சாமந்தியைத் தின்பதற்காக வாங்குவார்கள். அது மெலிந்த உடல்காரர், பெரும்பாலும் சின்னதாகவே கடைக்கு வரும். ஃபயர்ஃபிஷ், பிளெனி, கோபி எனப்படும் சிறு உளுவைகள், க்ளவுன் மீன் போதும். கார்டினலையும், டாட்டிபேக் என்ற சிறு வேட்டை மீனையும் தவிர்த்துவிடலாம்.

செக்ஸி இறால் என்று விற்கப்படும், வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும் குட்டி இறால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. ராயல் கிராமாவுக்கே அது ஒரு வாய் உணவு. இதற்குத் துணையாக மஞ்சள் க்ளவுன் கோபி, நியான் கோபி போன்ற மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் உளுவைகளை மட்டும் யோசிக்கலாம். மீனே இல்லாமல் ஐந்தாறு செக்ஸி இறால்களைச் சிறு சாமந்தியோடு ஒரு சின்னத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்திலேயே கூச்சமில்லாமல் வெளியே வந்து உட்கார்ந்திருக்கும். எந்த மீனைச் சேர்த்தாலும் அந்தக் காட்சி குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இறாலே வேட்டையாடினால்

சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் நீண்ட இரண்டு கொடுக்குகளும் கொண்ட கோரல் பேண்டட் இறாலிடம் நிலைமை தலைகீழாகிறது. இரவில் தூங்கும் சிறு உளுவையைக் கொடுக்கால் பிடித்துத் தின்னக்கூடியது. கிளீனர் இறாலையும் கொல்லும். தன் இனத்தையும் சகிக்காது. சேர்ந்த ஜோடி கிடைத்தால் ஒழிய ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இதை வைத்திருப்பவர்கள் அடியில் படுக்கும் குட்டி மீன்களை விட்டுவிட்டு, க்ளவுன்போல மேலே நீந்தும் மீன்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உளுவையும் துப்பாக்கி இறாலும்

சேருமா என்ற கேள்விக்கே இடமில்லாத ஒரு கூட்டு இருக்கிறது. பிஸ்டல் இறால் எனப்படும் துப்பாக்கி இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ஆனால் மணலில் வளை தோண்டுவதில் அதை மிஞ்ச முடியாது. உளுவைகளில் சில இனங்களுக்கு நல்ல கண். வளை தோண்டத் தெரியாது. இரண்டும் ஒரே வளையில் குடியிருக்கும். இறால் கொடுக்கால் மணலை வாரிக்கொண்டு வந்து வெளியே தள்ளும்போது ஒரு மீசையை எப்போதும் உளுவையின் மேல் வைத்திருக்கும். ஆபத்து தெரிந்தால் உளுவை வாலைச் சிலிர்க்கும். அந்த அதிர்வு மீசைக்கு எட்டிய மறுகணம் இறால் உள்ளே. பயம் அதிகமானால் உளுவையும் தலைகுப்புறப் பின்னாலேயே பாயும். மஞ்சள் வாட்ச்மேன் கோபியும் டைகர் பிஸ்டல் இறாலும் எளிதாகச் சேரும் ஜோடி. எல்லா உளுவையும் எல்லாத் துப்பாக்கி இறாலோடும் சேராது. இனம் பார்த்து வாங்க வேண்டும்.

"டப்" என்று கண்ணாடி விரிசல் விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டுப் பலர் பதறுவார்கள். இறால் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அதனால் உண்டாகும் குமிழி நொறுங்கும் சத்தம் அது. கொடுக்கின் இரு பாகங்கள் மோதும் சத்தம் என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். குமிழிதான் காரணம் என்று 2000-ல் அதிவேகக் கேமரா மூலம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த ஜோடியை வைப்பதென்றால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் மணல் வேண்டும். நொய்யும் கரடுமாகக் கலந்திருந்தால்தான் வளை நிற்கும். பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் வைத்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறை வைத்தால், இறால் அடியில் தோண்டும்போது பாறை சரிந்து இரண்டையும் நசுக்கிவிடும்.

எதை முதலில் விடுவது?

இறாலை முதலில் விட்டு, அது ஒளிவிடங்களைப் பழகிய பிறகு மீனை விடுவதே என் விருப்பம். ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டி என்றால், மாலையில் மீனுக்கு வயிறாரத் தீனி போட்டு, விளக்கை அணைத்த பிறகு இறாலைப் பாறையோரமாக இறக்குங்கள். மேலிருந்து கொட்டினால் அது தண்ணீரில் மிதந்து இறங்குவதே மீனுக்கு அழைப்பு வைத்ததுபோல் ஆகும்.

உப்பின் அளவு மாறுவதை மீன்கள் ஓரளவு தாங்கும். இந்த இறால்கள் தாங்காது. கடைத் தண்ணீரின் உப்பு நம் தொட்டியினதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். நம் தொட்டியில் உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண் 1.025 அளவில் இருக்கும். ஆகவே மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை இறால் இருக்கும் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது விழ விடுங்கள். அடுத்த நாளே இறால் செத்தால் பழி மீன் மேல் விழும். பல நேரம் காரணம் இந்த அவசரம்தான்.

மீனை எப்போதும் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்துவிட்டே இறால் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளைப்புள்ளி போன்ற நோய்களுக்குப் பரவலாகப் பயன்படும் காப்பர் மருந்து இறாலுக்கு நஞ்சு. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளிலேயே செம்பு இருக்கிறது, ஆனாலும் தண்ணீரில் கரைந்த மருந்தின் அளவு அதைக் கொன்றுவிடும். காப்பர் ஊற்றிய தொட்டியின் பாறையையும் மணலையும் இறால் தொட்டிக்கு எடுத்து வராதீர்கள்; அவை செம்பை உறிஞ்சி வைத்திருந்து பின்னர் மெல்ல மெல்ல வெளியே விடும்.